உலோகமில்லாத செராமிக் பல் இம்பிளான்ட்: முடிவெடுப்பது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

பல் போன இடத்தில் உலோகமே இல்லாத வெள்ளை வேர் ஒன்றை ஊன்றலாம் என்று கேள்விப்பட்டதும் பலருக்கு ஆசை வந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை, பொருள் நல்ல பொருள்தான். ஆனால் வழக்கமாக வைக்கும் டைட்டானியம் உலோக இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகி ஊன்றும் செயற்கை வேர்) சற்றுக் கோணலாக அமைந்துவிட்டால், மேலே வைக்கும் பாகத்தை மாற்றிச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. செராமிக்கில், அதிலும் ஒரே துண்டாக வருவதில், அந்த வழிகள் மிகவும் குறைவு. முதல் நாள் எந்தக் கோணத்தில் இறங்கியதோ அதே கோணத்தில்தான் கடைசிவரை நிற்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வேலைகளைப் பற்றியே பேசுகிறேன்.

வாய்க்குள் போகும் பொருள் எது?

இன்று செராமிக் இம்பிளான்ட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் சிர்கோனியாவால் ஆனவை. சிர்கோனியம் என்ற தனிமம் ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாகும் வெள்ளைப் பொருள் அது. தனிமம் உலோகம்தான், ஆக்சைடு ஆனபின் உலோகத்தின் குணம் எதுவும் அதில் இருப்பதில்லை. ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் 1789-இல் இந்தத் தனிமத்தை முதலில் அடையாளம் கண்டது, இலங்கையிலிருந்து போன சிர்கான் கல் ஒன்றை ஆராய்ந்தபோது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் கனிம மணலிலும் இதே சிர்கான் இருக்கிறது. பல்லுக்குப் போவது மணலிலிருந்து பல கட்டங்களாகச் சுத்திகரித்த நுண்தூள். அதில் எடைக்கு ஏறத்தாழ 5 சதவீதம் இட்ரியம் ஆக்சைடு கலந்து, அச்சில் அழுத்தி, 1,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சுட்டெடுக்கிறார்கள்.

இட்ரியம் எதற்கு? சிர்கோனியாவின் நுண்மணிகள், சாதாரணமாக உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே நிலைக்கும் ஒரு வடிவத்தில், உடலின் வெப்பத்திலும் இருக்கும்படி அது பிடித்துவைக்கிறது. பொருளில் விரிசல் விழுந்தால், விரிசலின் முனையில் உள்ள மணிகள் வேறு வடிவத்துக்கு மாறிச் சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி மேலே போகவிடாமல் தடுக்கின்றன. மற்ற செராமிக்குகளுக்கு இல்லாத உறுதி சிர்கோனியாவுக்கு இப்படித்தான் வருகிறது. இதே மாற்றம் ஈரம் பட்டுப்பட்டு மேற்பரப்பில் மெல்ல மெல்லத் தானாகவே நடந்தால் பொருள் பலவீனமாகும். தயாரிப்பில் கவனம் இல்லாவிட்டால் இது வேகமாக நடக்கும். இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சையில் பயன்பட்ட சிர்கோனியாப் பந்துகள் 2001 வாக்கில் நூற்றுக்கணக்கில் உடைந்து, சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உலையை மாற்றியதில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று துருவிக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

பல் மருத்துவத்தில் செராமிக்கின் கதை 1960-களிலேயே தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் சாமி சாண்ட்ஹவுஸ் அலுமினியம் ஆக்சைடில் திருகு செய்தார். 1970-களில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் வில்லி ஷுல்டே அதே பொருளில் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். எலும்பு அவற்றை ஏற்றுக்கொண்டது. பொருள்தான் தாங்கவில்லை, உடைந்தது. இதற்கிடையே ஸ்வீடனின் பெர்-இங்வார் ப்ரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பொருத்தி வெற்றி கண்டார். டைட்டானியத்துக்கு அரை நூற்றாண்டு அனுபவம் சேர்ந்திருப்பதும், சிர்கோனியாவுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்தாண்டு ஆய்வுகளே இருப்பதும் இந்த வரலாற்றால்தான்.

படி 1: இம்பிளான்ட்தான் வேண்டுமா?

பல் இல்லாத இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ (பல்லின் மேல் மாட்டும் உறை) இருந்தால், அந்தப் பற்களையே தாங்கலாக்கி நடுவில் செயற்கைப் பல்லை நிறுத்தும் பிரிட்ஜ் போடுவது நியாயமான தீர்வு. பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருந்தால், பிரிட்ஜுக்காக அவற்றைச் செதுக்குவது வீண் இழப்பு. அங்கே இம்பிளான்ட் மேல். நிறையப் பற்கள் போய், செலவும் தாங்காது என்றால் கழற்றி மாட்டும் பல் செட் இருக்கிறது. தாடை வளர்ச்சி முடியாத வயதினருக்கு எந்த இம்பிளான்ட்டும் வேண்டாம். சுற்றியுள்ள பற்கள் வளர்ச்சியோடு நகரும், இம்பிளான்ட் நகராது. சில வருடங்களில் அது மட்டும் உள்ளே அமிழ்ந்ததுபோலத் தெரியும்.

படி 2: செராமிக்கை எந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆக வலுவான காரணம், முன்பல் வரிசையும் மெல்லிய ஈறும். உங்கள் ஈறு மெல்லியதா என்று மருத்துவர் நொடியில் பார்த்துவிடுவார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய உலோகக் குச்சி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக நுழைப்பார். ஈறு வழியாகக் குச்சியின் சாம்பல் நிறம் நிழலாடினால் ஈறு மெல்லியது, தெரியாவிட்டால் தடித்தது. குச்சி தெரிகிற ஈறில், உள்ளே இருக்கும் டைட்டானியமும் அப்படியே சாம்பல் நிழலாகத் தெரிய வாய்ப்புண்டு. 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஈறில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. சிரிக்கும்போது ஈறு வரை தெரியும் முக அமைப்பு உள்ளவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கண்ணாடி முன் ஒருமுறை நன்றாகச் சிரித்துப் பாருங்கள். உங்கள் மேலுதடு ஈறை மறைத்துவிடுகிறது என்றால் இந்தக் காரணமே உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது காரணம், டைட்டானியம் ஒவ்வாமை. அரிதானது; ஆனால் இல்லவே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இதற்கான இரத்தப் பரிசோதனைகளும் தோல் பரிசோதனைகளும் எவ்வளவு நம்பகமானவை என்பதில் வல்லுநர்களிடையே உடன்பாடு இல்லை. கவரிங் நகை போட்டால் அரிக்கிறது என்பது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. அதை வைத்து டைட்டானியமும் ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாவது, உடலுக்குள் உலோகம் வேண்டாம் என்ற மனநிலை. அதுவும் மதிக்க வேண்டிய விருப்பமே. ஆனால் டைட்டானியம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. எம்.ஆர்.ஐ. படத்தில் சிர்கோனியா குறைவாகவே இடையூறு செய்யும் என்பது உண்மை. அதே சிர்கோனியா, பல் மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் முப்பரிமாண எக்ஸ்ரேயான சிபிசிடி ஸ்கேனில் டைட்டானியத்தைவிட அதிகமாக வெள்ளைக் கீற்றுகளை உண்டாக்கிப் படத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை.

உடல் சோர்வு, மூட்டு வலி, தூக்கமின்மை எல்லாம் உலோகப் பல்லால் வருகின்றன, செராமிக்குக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. நன்றாக ஊன்றி, நோவின்றி வேலை செய்யும் டைட்டானியம் இம்பிளான்ட்டை அகற்றிவிட்டு செராமிக் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எடுக்கும்போது நல்ல எலும்பும் சேர்ந்து போகும்.

படி 3: உடம்பைச் சரிபார்த்தல்

சர்க்கரை நோய் இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவோடு போங்கள். அது 7-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 8-ஐத் தாண்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள், வைக்கவும் வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரானிக் அமில ஊசியோ போட்டவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். தாடை எலும்பில் ஆறாத புண் உண்டாகும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்பதால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தனி ஆலோசனை தேவை.

புகை, புகையிலை, பாக்கு மூன்றும் இம்பிளான்ட்டுக்குப் பகை. பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால், செராமிக்கில் அது இரட்டைக் கேடு: ஈறையும் கெடுக்கும், அந்த மெல்லும் விசை கேப்பையும் பதம்பார்க்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தேய்ந்த கடவாய்ப் பற்களும், காலையில் எழுந்ததும் தாடையில் இறுக்கமும் இருந்தால் சந்தேகப்படலாம். கடுமையாகக் கடிப்பவர்களுக்குப் பின்பல் வரிசையில் செராமிக் வேண்டாம் என்பதே என் கருத்து. மிகையான விசையில் டைட்டானியம் சற்று வளைந்துகொடுக்கும். சிர்கோனியா வளையாது, முறியும். முறிந்தால் எலும்பைக் குடைந்துதான் மிச்சத்தை எடுக்க வேண்டும்.

மற்றப் பற்களில் ஈறு நோய் இருந்தால், முதலில் அதற்குச் சிகிச்சை. இரத்தம் கசியும் வாயில் எந்த இம்பிளான்ட்டும் நிலைக்காது.

படி 4: சிபிசிடி ஸ்கேனும் அளவுகளும்

சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைத்தான் காட்டும், அகலத்தைக் காட்டாது. மூன்று பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி எடுக்காமல் செராமிக் இம்பிளான்ட் வைக்க முன்வரும் மருத்துவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். திரையில் உங்கள் தாடையின் குறுக்குவெட்டைக் காட்டச் சொல்லி, இந்த அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்:

- இம்பிளான்ட்டுக்கும் பக்கத்துப் பல்லின் வேருக்கும் இடையே குறைந்தது 1.5 மி.மீ.
- இரண்டு இம்பிளான்ட்டுகள் அடுத்தடுத்து என்றால் அவற்றுக்கு இடையே 3 மி.மீ.
- கீழ்த்தாடையில் நரம்புக் குழாய்க்கு மேலே 2 மி.மீ. இடைவெளி. இது தவறினால் கீழுதடு மரத்துப்போய், சிலருக்கு அந்த மரப்பு போகாமலே இருந்துவிடும்.
- உதட்டுப் பக்கமும் நாக்குப் பக்கமும் இம்பிளான்ட்டைச் சுற்றி 1 முதல் 1.5 மி.மீ. எலும்புச் சுவர்.

கடைசி அளவுதான் செராமிக்கில் முக்கியத் தீர்ப்பைச் சொல்லும். எலும்பு ஒடுங்கியிருந்தால் 3.3 மி.மீ. போன்ற மெல்லிய விட்டத்தில் இம்பிளான்ட் தேவைப்படும். மெல்லிய சிர்கோனியாத் திருகுகளில் முறிவுகள் அதிகம் பதிவாகியிருக்கின்றன. அங்கே எலும்பு சேர்க்க வேண்டும்; இல்லையென்றால் டைட்டானியத்துக்குப் போக வேண்டும். மேல் கடவாய்ப் பகுதியில் சைனஸ் அறை (தாடைக்கு மேலுள்ள காற்றறை) கீழே இறங்கியிருந்தாலும் இதே நிலைதான்.

படி 5: ஒரே துண்டா, இரண்டு துண்டா?

ஒரே துண்டில், எலும்புக்குள் இருக்கும் திருகும் கேப்பைத் தாங்கும் தூணும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். இணைப்பு இல்லை, எனவே கிருமி தங்க இடுக்கும் இல்லை, தளர்வதற்குத் திருகும் இல்லை. ஆனால் எலும்பு ஆறும் மாதங்கள் முழுக்க அந்தத் தூண் வாய்க்குள் துருத்திக்கொண்டு நிற்கும். நாக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், சோறு அதில் இடிக்கும். கோணம் தவறினால் தூணை வாய்க்குள்ளேயே செதுக்க வேண்டிவரும். தண்ணீர் பாய்ச்சாமல் சூடேற்றிச் செதுக்கினால் நுண்விரிசல் விழும். மேலே சொன்ன உருமாற்றமும் அங்கே தூண்டப்படும்.

இரண்டு துண்டில், திருகை ஈறு மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ விட்டு, ஆறியபின் தூணைப் பொருத்துகிறார்கள். கோணத்தைக் கொஞ்சம் திருத்தலாம். ஆனால் செராமிக்கை உட்குடைந்து இணைப்பு அமைப்பதால் அந்தக் கழுத்துப் பகுதிதான் அதன் பலவீனமான இடம். அத்துடன் உலோகமில்லாதது வேண்டும் என்று வந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தூணையும் வேரையும் இணைக்கும் சிறு திருகு எதனால் ஆனது? சில தயாரிப்புகளில் அது டைட்டானியம். சிலவற்றில் கார்பன் இழை கலந்த பீக் என்னும் பிளாஸ்டிக். சிலவற்றில் திருகே இல்லாமல் ஒட்டுகிறார்கள்.

எலும்பு போதிய அளவு இருக்கும் ஒற்றை முன்பல்லுக்கு ஒரே துண்டு; எலும்பு சேர்க்க வேண்டிய இடங்களிலும் கோணம் சிக்கலான இடங்களிலும் இரண்டு துண்டு. நான் பார்ப்பது இப்படி.

படி 6: மருத்துவர், தயாரிப்பு, பணம்

பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் துறை, ஈறு நோய்த் துறை, முகத்தாடை அறுவைத் துறை மூன்றில் எதில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் முடித்தவரும் இம்பிளான்ட் வைக்கலாம். பட்டத்தைவிட, செராமிக் இம்பிளான்ட் வைத்து, கேப்பும் போட்டு, சில வருடங்கள் கழிந்த நோயாளிகளின் எக்ஸ்ரேக்களைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முதல் நாள் படங்களை எல்லாரும் காட்டுவார்கள்.

சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், ஸெராமெக்ஸ், எஸ்.டி.எஸ்., ஸி-சிஸ்டம்ஸ், ஸ்பெயினின் செராரூட் ஆகியவை உலக அளவில் அறியப்பட்ட பெயர்கள். இந்தியாவில் இறக்குமதி இம்பிளான்ட்டுகளுக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனங்கள் விதிகளின்படி உரிமம் தேவை; அது இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. செலவு டைட்டானியத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். விலையை ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளாமல் ஸ்கேன், பல் பிடுங்குதல், எலும்பு சேர்ப்பு, இம்பிளான்ட், தற்காலிகப் பல், கேப், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் மாட்டும் இரவுக் கவசம், தொடர் பரிசோதனை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இம்பிளான்ட் ஊன்றாமல் போனால் மறுமுறை யார் செலவு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

படி 7: பல்லைப் பிடுங்குவதும் காத்திருப்பதும்

பல் எடுத்த இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஒரு வருடத்தில் அகலத்தில் ஏறத்தாழ பாதி கரைந்துவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள். எனவே பல்லைப் பிடுங்கிவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பிடுங்கும் முன்பே திட்டம் தயாராக வேண்டும். எலும்புச் சுவர் முழுதாக இருந்து, சீழ் இல்லாவிட்டால் அதே நாளில் இம்பிளான்ட் வைக்கலாம். இல்லாவிட்டால் குழியில் எலும்புத் துகள் நிரப்பி, மூன்று நான்கு மாதங்கள் விட்டு வைப்பது வழக்கம்.

படி 8: அறுவைச் சிகிச்சை நாள்

மரத்துப்போகும் ஊசிதான், ஒரு பல்லுக்கு முழு மயக்கம் தேவையில்லை. வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஈறைத் திறந்து, சிறியதிலிருந்து பெரியது வரை துளையிடும் ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி எலும்பில் துளை போடுவார்கள். குளிர்ந்த உப்புநீர் தொடர்ந்து பாய்ந்தபடி இருக்கும். காரணம், எலும்பு 47 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே அங்குள்ள செல்கள் செத்துவிடும். செத்த எலும்பில் எதுவும் ஒட்டாது. உங்களுக்கு வலி தெரியாது. மண்டைக்குள் அதிர்வும் சத்தமும் தெரியும். பிறகு இம்பிளான்ட்டைத் திருகி இறக்குவார்கள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு மேல் செராமிக்கை முறுக்கக் கூடாது.

முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இம்பிளான்ட் வந்த பெட்டியில் தயாரிப்பின் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று மருத்துவமனைப் பதிவேட்டில் ஒட்டப்படும். மற்றொன்றை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லுங்கள்.

படி 9: ஆறும் காலம்

முதல் நாள் வெளியிலிருந்து விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம். வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம், இரத்தக்கட்டி கலைந்துவிடும். மறுநாள் முதல் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் திரவத்தை மெதுவாக வாயில் வைத்துச் சாய்த்து விடுங்கள். ஆறிய கஞ்சி, இட்லி, குழைய வடித்த சோறு, தயிர் போதும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலியோ வீக்கமோ கூடினால் காத்திருக்காமல் போங்கள். ஏழு முதல் பத்து நாட்களில் தையல் பிரிப்பார்கள்.

பிறகு கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதமும் எலும்பு பிடிப்பதற்கு. ஒரே துண்டு வைத்தவர்களுக்கு இதுதான் பொறுமையைச் சோதிக்கும் காலம். துருத்தி நிற்கும் தூணின் மீது தற்காலிகப் பல் வைத்தால், எதிர்ப்பல் அதைத் தொடவே கூடாது. மெல்லிய கலர் தாளைக் கடிக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். அந்தத் தாளின் நிறம் தற்காலிகப் பல்லில் படியக் கூடாது. முன்பல்லில் வைத்திருப்பவர்கள் கரும்பு, முறுக்கு, நறுக்காத ஆப்பிள் எதையும் கடித்து இழுக்காதீர்கள். சிறு அசைவுகள் தொடர்ந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்து, இம்பிளான்ட் ஆடத் தொடங்கிவிடும்.

படி 10: கேப் போடுதல்

தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா, ஆடுகிறதா, எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தபின் அளவெடுப்பார்கள். கேப்பும் சிர்கோனியாவிலோ, லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடி வகைச் செராமிக்கிலோ இருக்கும்.

இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது சிமெண்ட். ஒரே துண்டில் கேப்பை ஒட்டித்தான் ஆக வேண்டும். கேப்பை அழுத்தும்போது உபரி சிமெண்ட் பிதுங்கி ஈறுக்கு அடியில் புகும். கடுகளவு மிஞ்சினாலும் அதைச் சுற்றிக் கிருமி சேர்ந்து, சீழ் பிடித்து, எலும்பு கரையும். சில வருடங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம். கேப்பின் விளிம்பு ஈறு மட்டத்திலோ, ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத ஆழத்திலோ இருந்தால்தான் துடைத்தெடுக்க முடியும். ஒட்டியபின் சிமெண்ட் முழுதும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள், ஓர் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கான அடிப்படைப் படமும் அதுவே.

கடி சரிபார்க்கும்போது அவசரப்படாதீர்கள். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி விசையை உணரும் மெல்லிய சவ்வு இருக்கிறது. இம்பிளான்ட்டுக்கு அது இல்லை. கடி உயரமாக இருந்தாலும் உங்களுக்கு வலித்துச் சொல்லாது.

படி 11: பராமரிப்பு

இம்பிளான்ட்டில் சொத்தை வராது, சுற்றி ஈறு நோய் வரும். சிர்கோனியாவில் கிருமிப் படலம் குறைவாகப் படிகிறது என்று சில ஆய்வுகள் சொன்னாலும், அதை நம்பிப் பல் விளக்குவதை நிறுத்த முடியாது. தினம் இருமுறை மென்மையான பிரஷ், இரவில் ஃப்ளாஸ் அல்லது பல்லிடுக்கு பிரஷ். நறநறவெனக் கடிப்பவர்களுக்கு இரவுக் கவசம் கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகும்போது, அது செராமிக் இம்பிளான்ட் என்று முதலிலேயே சொல்லுங்கள். உலோகக் கருவியால் சுரண்டினால் அதன் மீது கருங்கோடுகள் விழும்.

பல் விளக்கும்போது இரத்தம், ஈறில் அழுத்தினால் சீழ், கெட்ட சுவை, கேப்பில் லேசான ஆட்டம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அதே வாரத்தில் மருத்துவரைப் பாருங்கள். கேப் மட்டும் கழன்றிருந்தால் மறுபடி ஒட்டிவிடலாம். வேரே ஆடினால் அந்தப் பக்கம் மெல்லுவதை உடனே நிறுத்த வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோய்ப் புது மருத்துவரிடம் சேர்ந்தால், ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அவர் சொல்ல முடியும்.